1/72 ஃபால்கனுக்குள் ஓர் உள்ளறை: களிமண் அளவிலிருந்து மேல் ஓடு மூடும் வரை

உள்ளறை கட்டத் தொடங்கிப் பாதியில் பெட்டிக்குள் போன விண்கல மாடல்களை எடுத்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரே கதைதான். நாற்காலிகள் அழகாக இருக்கும், சுவர்கள் வண்ணம் பூசித் தயாராக இருக்கும், மேல் ஓட்டை வைத்தால் மூடாது. மூடிவிட்டாலும் உள்ளே கும்மிருட்டு. விளக்குக்கான இடத்தையும் கம்பிக்கான வழியையும் கடைசிக்கு ஒதுக்கியதன் விளைவு இது. அதனால் இங்கே வரிசையைத் திருப்பிப் போட்டிருக்கிறோம்: பார்ப்பவர் கண் எங்கிருந்து நுழையும், அங்கே ஒளி எப்படி வரும் என்று முடிவு செய்த பிறகே கத்தியைக் கையில் எடுக்க வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு ஸ்டார் வார்ஸ் படங்களில் வரும் மில்லேனியம் ஃபால்கன் விண்கலத்தின் 1/72 மாடலை, அதாவது நிஜ அளவில் 72-இல் ஒரு பங்கு மாடலை, வைத்துக்கொள்வோம். ஜப்பானிய நிறுவனங்களான ஃபைன் மோல்ட்ஸ் 2005-இலும் பண்டாய் 2017-இலும் இந்த அளவில் கிட் (நாமே பொருத்திக் கட்டும் பாகங்களின் பெட்டி) வெளியிட்டன. முடிந்த மாடல் ஏறத்தாழ 48 செ.மீ. நீளம். இரண்டிலும் காக்பிட் உண்டு; ஹோலோசெஸ் (ஒளியுருவக் காய்களால் ஆடும் சதுரங்கம் போன்ற ஆட்டம்) மேசை இருக்கும் நடுக்கூடமும் வட்டத் தாழ்வாரமும் கிடையாது. அவற்றை நாமே கட்ட வேண்டும். வேறு கிட் வைத்திருப்பவர்கள் அளவுகளை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

எந்தத் திறப்பு வழியாகப் பார்ப்பார்கள்?

மூன்று வழிகள் உண்டு. காக்பிட் கண்ணாடி, இறங்கிய சாய்தளத்தின் வாய், கழற்றக்கூடிய மேல் ஓடு. கண்ணாடி வழியாகத் தெரிவது நான்கு இருக்கைகளின் முதுகுச் சாய்வும் பின்சுவர் விளக்குகளும்தான். காக்பிட் தரையில் செலவழிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் வீண். சாய்தளம் வழியாகத் தெரிவது தாழ்வாரத்தின் முதல் 3 செ.மீ. மேல் ஓடு கழன்று வந்தால் மட்டுமே நடுக்கூடம் கட்டுவதில் அர்த்தம் இருக்கிறது. முடிவு செய்ததும் ஒரு தாளில் கண்ணின் பார்வைக்கோடுகளை வரையுங்கள். கோடு தொடாத இடத்துக்குக் கறுப்பு வண்ணமே போதும்.

களிமண்ணால் அளவெடுத்தல்

படத்துக்காகப் போட்ட உள்ளரங்குகள் வெளிப்புற வடிவத்துக்குள் அடங்குபவை அல்ல. நடிகர்கள் நிமிர்ந்து நடக்கவும் கேமரா நகரவும் கட்டியவை அவை. இணையத்தில் கிடைக்கும் தளப்படத்தை 1/72-க்குச் சுருக்கி அப்படியே வெட்டினால் கூரை மேல் ஓட்டை முட்டும். ஆகவே கிட் எவ்வளவு இடம் தருகிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள்.

பிள்ளைகள் விளையாடும் களிமண்ணைப் பட்டாணி முதல் எலுமிச்சை அளவு வரை உருட்டி, ஒவ்வொன்றையும் உணவு சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாளில் பொதியுங்கள். கீழ் ஓட்டில் பன்னிரண்டு இடங்களில் வைத்து, மேல் ஓட்டை அழுத்தி மூடி, ஓரமெங்கும் டேப் ஒட்டி, மறுபடி திறங்கள். நசுங்கிய ஒவ்வொரு உருண்டையிலும் ஊசியைச் செருகி ஆழத்தை அளந்து, தளப்படத்தில் அந்தந்த இடத்தில் எழுதுங்கள். தட்டையான கலம் ஆதலால் ஓரத்தை நோக்கி உயரம் வேகமாகக் குறைவது எண்களாகத் தெரியும். தரையிறங்கு கால்களின் பெட்டிகளும் உள்ளே துருத்தி நிற்கும், அவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது தேவையைக் கணக்கிடுவோம். 2.2 மீ. உயர அறை என்றால் 30.5 மி.மீ. தரைத் தகடு 1, கூரைத் தகடு 1, கூரைக்கு மேலே விளக்கின் ஒளி பரவ 6. மொத்தம் 38.5 மி.மீ. களிமண் 34 என்று சொன்னால் 4.5 மி.மீ.யை எங்கேயாவது வெட்டியாக வேண்டும். முதலில் கூரையைத் தூக்கி எறியுங்கள்: மேலிருந்து பார்க்கும் அறைக்குக் கூரையே வேண்டாம், சுவரின் மேல் விளிம்பில் விளக்குப் பட்டை வைத்தால் போதும். அதுவும் பற்றாவிட்டால் சுவரை 27 மி.மீ.க்குக் குறையுங்கள், அப்போதும் 1.94 மீ. உயர அறைதான், 1.75 மீ. மனிதன் நிற்கலாம். அறையின் தூரத்து மூலையில் 1/87 ரயில் மாடல் பொம்மைகளை வைப்பது இன்னொரு தந்திரம். 24 மி.மீ. ஆளுக்குப் பதில் 20 மி.மீ. ஆள் நின்றால் அறை பெரிதாகத் தெரியும். அருகிலேயே 1/72 பொம்மையை வைத்தால் மட்டும் குட்டு வெளிப்பட்டுவிடும்.

72-ஆல் வகுத்துக்கொண்டே இருங்கள்

மேசையருகே ஒட்டிவைக்க வேண்டிய எண்கள்: இருக்கை உயரம் 45 செ.மீ. என்றால் 6.25 மி.மீ.; மேசை 75 செ.மீ., 10.4 மி.மீ.; கதவு 2 மீ., 27.8 மி.மீ.; 3 செ.மீ. கைப்பிடிக் குழாய் 0.4 மி.மீ. கம்பி, 2 செ.மீ. பொத்தான் 0.28 மி.மீ. திருப்பிப் பார்த்தால் இன்னும் உதவும்: 1 மி.மீ. தகடு நிஜத்தில் 7 செ.மீ. தடிமன். கதவுச் சட்டத்துக்கு அது பொருத்தம். கணினிப் பலகைக்கு 0.25 மி.மீ. தகடே 1.8 செ.மீ. ஆகிவிடுகிறது. புதிதாகச் செய்பவர்களின் உள்ளறைகள் பொம்மை வீடு போலத் தோன்ற முதல் காரணம் எல்லாமே தடிமனாக இருப்பதுதான்.

வாங்க வேண்டியவை

பாலிஸ்டைரீன் தகடு 0.25, 0.5, 1.0 மி.மீ. (ஏ4 அளவில் தலா இரண்டு), 0.5 x 1.0 பட்டைகள், 0.5 மற்றும் 0.8 மி.மீ. தண்டுகள், 2.5 மி.மீ. அரைவட்டப் பட்டை, 4.8 மி.மீ. குழாய். தகட்டை உருக்கி இணைக்கும் மெல்லிய கரைப்பான் பசை, சூப்பர் க்ளூ, ஃபெவிக்கால் போன்ற வெள்ளைப் பசை, ஐந்து நிமிட எபாக்ஸி. நான்கு பசைக்கும் நான்கு வேலை, ஒன்றுக்கு ஒன்று மாற்றாகாது. 11-ஆம் எண் பிளேடு, இரும்பு அளவுகோல், 0.3 முதல் 1.0 வரை துளைமுனைகளும் கைத்துளைப்பானும், 400, 600, 1000 உப்புத்தாள். உடைந்த டாங்கி, விமானக் கிட்களின் மிச்ச உதிரிகளைச் சேர்த்து வையுங்கள். 1977 படத்துக்கான ஃபால்கன் மாடலின் மேற்பரப்பையே அப்படி வாங்கிய கிட் உதிரிகளால்தான் நிரப்பினார்கள். அதே வழி உள்ளேயும் செல்லும்.

பெட்டியாகக் கட்டுங்கள், கலத்தோடு ஒட்டாதீர்கள்

அறையைத் தனிப் பெட்டியாகக் கட்டிக் கலத்துக்குள் இறக்க வேண்டும். சுவர்களைக் கலத்தின் ஓட்டிலேயே ஒட்டினால் வண்ணம் பூசவும் முடியாது, கம்பி அறுந்தால் கையும் போகாது.

முதலில் காலண்டர் அட்டையில் முழு அறையையும் வெட்டி, டேப்பால் ஒட்டி, இறக்கிப் பாருங்கள். மேல் ஓட்டை மூடுங்கள். மூடினால் அட்டையைப் பிரித்து அதையே வார்ப்பாக வைத்து 1.0 மி.மீ. தகட்டில் தரையையும் 0.5-இல் சுவர்களையும் வெட்டுங்கள். பிளேடால் முழுத் தடிமனையும் அறுக்க வேண்டாம். இரண்டு மூன்று முறை கீறி, கோட்டில் மடக்கினால் நேராக முறியும். ஒவ்வொரு மூலையின் வெளிப்பக்கத்திலும் 2 மி.மீ. சதுரப் பட்டை ஒட்டுங்கள். 0.5 தகட்டின் விளிம்பு மட்டும் பசையைத் தாங்காது, ஒரு வாரத்தில் சுவர் வெளியே சாயும்.

கரைப்பான் பசையைத் தாராளமாக விடுவதும் ஆபத்து. இரண்டு தகடுகளை முகத்தோடு முகம் ஒட்டி நடுவில் பசை தேங்கினால், ஆவி வெளியேற வழியின்றி சில நாட்களில் தகடு வீங்கி வளையும். உள் தகட்டில் ஆங்காங்கே 1 மி.மீ. துளைகள் போட்டுவிடுங்கள்.

இடத்துக்காகக் கலத்தின் உள்ளே இருக்கும் தாங்கு விலாக்களை வெட்டினால், வெட்டிய ஒவ்வொன்றுக்கும் பதிலாக ஒரு பித்தளைக் குழாயை எபாக்ஸியில் பதியுங்கள். இல்லாவிட்டால் 48 செ.மீ. ஓடு ஓரத்தில் தொங்கும், விளிம்பில் இடைவெளி விழும்.

தாழ்வாரத்தின் மெத்தை வளையங்கள்

வட்டத் தாழ்வாரத்தை அடையாளம் காட்டுவது அந்த மெத்தைபோன்ற வளையங்கள்தான். ஒவ்வொன்றையும் கையால் செய்யலாம், ஆனால் இருபது வளையமும் இருபது விதமாக வரும். ஒரே அச்சில் வளைப்பதே வழி. தாழ்வாரத்தின் குறுக்குவெட்டு வடிவில் 1 மி.மீ. தகடுகளை அடுக்கி 5 மி.மீ. தடிமனில் ஓர் அச்சு செய்யுங்கள். தகடும் வெந்நீரில் இளகும் என்பதால், மரத்தில் செய்தால் இன்னும் நல்லது. 2.5 மி.மீ. அரைவட்டப் பட்டையை அதன்மேல் டேப்பால் கட்டி, அப்போதுதான் கொதித்து இறக்கிய நீரில் அரை நிமிடம் வைத்து, உடனே பச்சைத் தண்ணீரில் அமிழ்த்துங்கள். வடிவம் நின்றுவிடும். மெத்தையின் தையல் கோடு வேண்டுமென்றால் கத்தியின் முதுகால் 4 மி.மீ.க்கு ஒரு கீறல் போதும்.

ரெசினில் வார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பாலியூரிதேன் ரெசின் காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து நுரைக்கும். கடற்கரை ஊர்களில் மழைக்காலத்தில் திறந்து வைத்த டப்பா சில வாரங்களிலேயே பயனற்றுப் போகலாம். ரெசின் 3டி பிரிண்டர் வைத்திருந்தால் வளையங்களை அதிலேயே எடுக்கலாம். உள்ளே பொள்ளலாக விட்டால் மட்டும் கழுவும் துளை வையுங்கள். உறையாமல் தங்கிய ரெசின் மாதங்கள் கழித்துக் கசிந்து வண்ணத்தை உரிக்கும்.

ஹோலோசெஸ் மேசை

மேல் ஓட்டைக் கழற்றியதும் எல்லோரும் தேடுவது இதைத்தான், இங்கே மட்டும் நிதானமாக இருங்கள். மேசையின் வட்டத்தை 90 செ.மீ. என்று கொண்டால் 12.5 மி.மீ. வட்டக் கத்தியால் 0.5 தகட்டில் அந்த அளவில் ஒரு வட்டமும், 11 மி.மீ. அளவில் இன்னொன்றும் வெட்டி ஒன்றன்மேல் ஒன்று ஒட்டுங்கள். நடுத் துளைகள் இரண்டிலும் ஓர் ஊசியைக் கோத்து ஒட்டினால் மையம் விலகாது. ஊசியை எடுத்த துளையில் 0.5 தண்டைச் செருகிச் சமமாக வெட்டிவிடுங்கள். கீழே 4.8 மி.மீ. குழாயில் 9 மி.மீ. துண்டு தூண். மேசை மொத்தம் 10 மி.மீ. நிற்கும், நிஜத்தில் 72 செ.மீ.

கட்டங்களைத் தூரிகையால் எழுத முயலாதீர்கள். கணினியில் 11 மி.மீ. வட்டத்தில் வரைந்து வெள்ளை டிகால் தாளில் (நீரில் நனைத்து ஒட்டும் படத்தாள்) லேசர் பிரிண்ட் எடுங்கள். இங்க்ஜெட் என்றால் பிரிண்டின்மேல் இரண்டு பூச்சு வார்னிஷ் இல்லாமல் நீரில் போட்டதும் மை கரையும். ஒட்டும் முன் மேசைக்குப் பளபளப்பு வார்னிஷ் அடியுங்கள். மேட் பரப்பில் டிகாலின் அடியில் காற்று சிக்கி வெள்ளையாகத் தெரியும்.

பின்னாலுள்ள வளைந்த இருக்கைக்கு 1 மி.மீ. தகட்டில் பிறை வடிவம் ஆறு வெட்டி அடுக்கினால் 6 மி.மீ., அதாவது 43 செ.மீ. மேல் அடுக்கின் விளிம்பை 600 தாளால் உருட்டுங்கள். மெத்தை உட்கார்ந்த மாதிரி வரும். முதுகுச் சாய்வு 0.5 தகட்டுப் பட்டை, அதன்மேல் அரைவட்டப் பட்டைத் துண்டுகள்.

ஒளிரும் பேனல்கள்

காக்பிட் பின்சுவரில் நூற்றுக்கணக்கான புள்ளி விளக்குகள். இதற்கு இரண்டு முறை. ஒன்று, ஒளிபுகும் தகட்டுக்குக் கறுப்பு வண்ணம் பூசி, காய்ந்ததும் ஊசிமுனையால் புள்ளிகளையும் கோடுகளையும் சுரண்டி, பின்பக்கம் தமியா எக்ஸ்-27 சிவப்பு, எக்ஸ்-26 ஆரஞ்சு, எக்ஸ்-23 நீலம் ஆகிய தெளிநிற வண்ணங்களைத் தொட்டுவைப்பது. மலிவு, வேகம், 1/72-க்குப் போதுமான கூர்மை. ஓஎச்பி தாளில், அதாவது ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளில், லேசர் பிரிண்ட் எடுத்தும் செய்யலாம். ஆனால் ஒரு தாளின் கறுப்பு ஒளியை முழுக்கத் தடுக்காது, சாம்பலாகத் தெரியும். இரண்டு பிரதிகளைச் சரியாக அடுக்குங்கள்.

இரண்டாவது முறை ஒளியிழை. 0.25 மி.மீ. இழைக்கு 0.3 துளை. பின்னாலிருந்து செருகி, முன்னால் 3 மி.மீ. நீட்டிவிட்டு, பின்பக்கம் வெள்ளைப் பசையால் நிறுத்துங்கள். சூப்பர் க்ளூ பட்டால் இழை மொறுமொறுத்து ஒடியும். வண்ணம் பூசி முடித்த பிறகே முன்முனையை வெட்டுங்கள். முதலிலேயே வெட்டினால் வண்ணம் முனையை அடைத்துவிடும். இழைக்கட்டை எல்இடியோடு சேர்க்க வெப்பத்தால் சுருங்கும் உறையைப் பயன்படுத்தினால் இழையும் சேர்ந்து உருகும். கறுப்பு ஸ்ட்ராத் துண்டே போதும். இழையைச் செங்கோணமாக மடக்கவும் கூடாது, மடங்கிய இடத்திலேயே ஒளி கசிந்துவிடும்.

இரண்டையும் கலப்பதே எங்கள் பரிந்துரை: பின்சுவரில் முப்பது இழைகள், பக்கப் பலகைகளில் சுரண்டிய தகடு. இருநூறு இழை இழுத்தவர்களின் காக்பிட்டுக்கும் இதற்கும் ஓரடி தூரத்தில் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை.

மின்சாரம்

9 வோல்ட் பேட்டரியைத் தவிர்த்து, 5 வோல்ட் யூஎஸ்பி சார்ஜரையே நம்புங்கள். வெள்ளை எல்இடிக்கு ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும். மீதி 2 வோல்ட்டை ரெசிஸ்டர் விழுங்க வேண்டும். 470 ஓம் போட்டால் 2 ÷ 470, சுமார் 4 மில்லி ஆம்பியர். இது சின்ன அறைக்குக் கண்கூசும் வெளிச்சம். 2.2 கிலோ ஓம் போட்டு 1 மில்லி ஆம்பியருக்குக் குறைத்தால் அறை அறையாகத் தெரியும். கூடத்துக்கு நான்கு, தாழ்வாரத்துக்கு மூன்று, காக்பிட்டுக்கு மூன்று எனப் பத்து 0603 எல்இடிகள் (1.6 x 0.8 மி.மீ. அளவுள்ள குட்டி வகை) போதும். கூடத்துக்கு மஞ்சள் சாயலுள்ள 3000 கெல்வின், காக்பிட்டுக்குக் குளிர்வெள்ளை.

ஒவ்வொரு எல்இடிக்கும் தனி ரெசிஸ்டர். பத்தையும் இணையாகக் கட்டி ஒரே ரெசிஸ்டர் போட்டால், வோல்ட் தேவை சற்றுக் குறைந்த எல்இடி அதிக மின்சாரத்தை இழுத்து எரியும், மற்றவை மங்கும். பவர் பேங்க்கில் இணைத்துச் சில நொடிகளில் விளக்கு அணைந்தால் உங்கள் சால்டரிங்கில் குறை தேடாதீர்கள். இவ்வளவு குறைந்த மின்சாரம் போனால் போன் இணைக்கப்படவில்லை என்று எண்ணிப் பல பவர் பேங்க்குகள் தாமே அணையும்.

சால்டரிங்கை மாடலுக்கு வெளியே முடித்துவிட்டுக் கம்பியை உள்ளே கொண்டுபோங்கள். சூடான முனை தகட்டில் பட வேண்டிய அவசியம்கூட இல்லை, சூடேறிய கம்பியே அதை உருக்கும். 0.2 மி.மீ. எனாமல் கம்பி தரையிறங்கு காலின் ஓரமாகவே இறங்கிவிடும். முனையிலுள்ள எனாமலை உருகிய ஈயத்துளியில் சில நொடிகள் பிடித்து எரிக்காவிட்டால் இணைப்பு பிடிக்காது.

எல்இடிக்கும் அறைக்கும் நடுவில் 0.25 வெள்ளைத் தகடு ஒன்றை வையுங்கள். அது ஒளியைப் பரப்பும். இல்லாவிட்டால் நான்கு வெள்ளைப் பொட்டுகள்தான் தெரியும்.

ஒளிக்கசிவும் வண்ணமும்

வெள்ளைப் பிளாஸ்டிக் ஒளியைத் தடுக்காது. கலத்தின் உட்புறத்திலும் அறையின் வெளிப்புறத்திலும் முதலில் கறுப்பு, அதன்மேல் வெள்ளி அடியுங்கள். இருட்டறையில் உள்ளே டார்ச் வைத்துப் பாருங்கள். தெரிகிற ஒவ்வொரு கீற்றையும் அலுமினிய டேப்பால் அடையுங்கள். டேப் மின்சாரம் கடத்தும். மூடாத சால்டர் முனை அதில் பட்டால் ஷார்ட் ஆகும்; முனைகளை முதலில் வார்னிஷால் மூடுங்கள்.

உள்ளறை நிறங்களை நினைப்பதைவிட ஒரு படி வெளிறலாக வையுங்கள். சின்ன அறைக்குள் எல்லாமே கறுத்துத் தெரியும். கூடச் சுவருக்கு தமியா எக்ஸ்எஃப்-2 வெள்ளை பத்துப் பங்கு, எக்ஸ்எஃப்-55 வெளிர்பழுப்பு ஒரு பங்கு. தரைக்கு எக்ஸ்எஃப்-53 சாம்பல். காக்பிட்டுக்கு எக்ஸ்எஃப்-63 அடர் சாம்பல், கறுப்பு வேண்டாம்.

அழுக்குத் தோற்றத்துக்கான எனாமல் வாஷில்தான் (தின்னரில் நீர்க்கக் கரைத்த எனாமல் வண்ணம்) பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அழுத்திப் பொருத்தும் வகைக் கிட்களில் இணைப்புகள் எப்போதும் இறுக்கத்தில் இருக்கும். வார்னிஷ் இல்லாத பிளாஸ்டிக்கில் எனாமல் தின்னர் ஊறினால் அந்த இறுக்கமே பாகத்தைப் பிளந்துவிடும், சில சமயம் மறுநாள். பளபளப்பு வார்னிஷ் அடித்து ஒருநாள் காயவிட்டு, வாஷைக் கோடுகளில் மட்டும் தொட்டு, மிச்சத்தைத் துடையுங்கள்.

கண்ணாடியும் மூடுதலும்

காக்பிட் கண்ணாடிக்கு வெள்ளைப் பசை மட்டும். சூப்பர் க்ளூவின் ஆவி உட்புறக் கண்ணாடியில் வெண்பனியாகப் படியும். மூடிய பிறகு துடைக்க வழியில்லை. காக்பிட்டுக்குள் வேறெங்கும் சூப்பர் க்ளூ பட்டிருந்தால் இரண்டு நாள் திறந்துவைத்த பிறகே கண்ணாடியைப் பொருத்துங்கள். ஒட்டுவதற்கு முன் உள்ளே ஒரு முறை ஊதி, கண்ணாடியை ஈரவிரலால் தொட்டுத் தூசி எடுங்கள். உலர்ந்த துணியால் தேய்த்தால் நிலைமின் ஏறி இன்னும் தூசி ஒட்டும்.

மேல் ஓட்டுக்கு 5 x 2 மி.மீ. காந்தங்கள் ஆறு ஜோடி. ஒட்டுவதற்கு முன் எல்லாவற்றின் ஒரே முகத்திலும் மார்க்கரால் புள்ளி வையுங்கள். ஒன்று திரும்பிப் போனாலும் அந்த மூலை மூடாது, எபாக்ஸியிலிருந்து பெயர்த்தெடுக்கும்போது ஓட்டின் ஓரமும் சேர்ந்து வரும். இரண்டு காந்தங்களையும் ஒட்டவைத்தபடியே ஒரு பக்கத்தைப் பதித்து, மறுபக்கத்தில் எபாக்ஸி தடவி மூடினால் தானாக இடம் பிடித்துக்கொள்ளும். நடுவில் ஒரு துண்டு பிளாஸ்டிக் தாள் வைக்க மறந்தால் இரண்டும் சேர்ந்தே ஒட்டிவிடும்.

மூடும் முன் விளக்குகளை மூன்று மணி நேரம் எரியவிட்டு, நடுநடுவே மாடலை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். கண்சிமிட்டும் எல்இடி என்றால் அங்கே சால்டர் சரியாகப் பிடிக்கவில்லை. கடைசியாக ஒரு சிறு தாளில் எந்தக் கம்பி எங்கே போகிறது, எந்த ரெசிஸ்டர் என்ன மதிப்பு என்று எழுதி, மேல் ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிவிட்டு மூடுங்கள். இரண்டு வருடம் கழித்து ஒரு விளக்கு அணையும்போது அந்தத் தாள் இல்லாமல் எதையும் கண்டுபிடிக்க முடியாது.